நாக்கு உடைந்த டேஷ்போர்டும் நெல் முளைத்த சீட்டும்

"அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது" என்பார் என் பெரிய மாமா. அதோடு நிறுத்த மாட்டார். பின்னால் இன்னொரு வரியும் வரும். அது தேர் இழுக்கிறவனைப் பற்றியதா, அச்சாணியைப் பிடுங்கிக்கொண்டு போனவனைப் பற்றியதா என்பது எனக்கு நினைவில்லை. தமிழில் சொன்னாரா தெலுங்கில் சொன்னாரா என்பதுகூட நினைவில்லை. அந்தப் பாதிப் பழமொழியை வைத்துத்தான் இன்று என் முழுப் பிழைப்பும் நடக்கிறது. பழைய கார்களுக்குள்ளே உடைந்துபோகிற சின்னச் சின்ன பிளாஸ்டிக் சாமான்களைச் செய்து கொடுக்கிறேன்.

உங்களிடம் பன்னிரண்டு வயதைத் தாண்டிய கார் இருக்கிறதா? அப்படியானால் நாம் உறவுக்காரர்கள். எஞ்சின் கல்லு மாதிரி இருக்கும். மெக்கானிக்கும் "இன்னும் பத்து வருஷம் ஒண்ணும் ஆவாது சார்" என்பார். ஆனால் ஏசி காற்று முகத்துக்கு வராமல் முழங்காலுக்குப் போகும். வேகத்தடையில் ஏறி இறங்கினால் டேஷ்போர்டுப் பெட்டி தானாகத் திறந்து, இன்ஷூரன்ஸ் காகிதத்தை மாமியார் மடியில் துப்பும். ஷோரூமில் கேட்டால், "அந்த மாடல் நின்னுபோச்சு சார், கொக்கி மட்டும் தனியா வராது, முழுக் கதவா எடுத்துக்குங்க" என்பார்கள். அப்போது யாராவது உங்கள் காதில், "கும்மிடிப்பூண்டியில ஒருத்தர் இருக்காரு" என்று சொல்வார்கள். அந்த ஒருத்தர் நான்தான்.

பத்தொன்பது வருஷம் ஷார்ஜாவில் பிளாஸ்டிக் அச்சு செய்கிற இடத்தில் வேலை பார்த்தேன். நாற்பத்தேழாவது வயதில் திரும்பி வந்து தொழிற்பேட்டைக்குப் பின்புறம் ஒரு ஷெட் எடுத்தேன். கூட இருப்பது ஆரம்பாக்கத்திலிருந்து தினமும் ரயிலில் வருகிற மல்லிகா அக்கா. மோல்டிங் கம்பெனிகளில் இருபது வருஷம் பிசிறு வெட்டியவர். வாடிக்கையாளர் எதிரில் என்னைச் "சார்" என்பார். அவர் தலை மறைந்ததும் நான் "நைனா" ஆகிவிடுவேன்.

போன மாதம் ஒரு திங்கட்கிழமை தொடங்கி வியாழன் வரைக்கும் நடந்தவை இவை. நடுவில் ஒன்றிரண்டு பழைய கதைகளும் உண்டு.

வேன் கைப்பிடி

திங்கட்கிழமை காலை ஜபருல்லா பாய் வந்தார். பழவேற்காட்டிலிருந்து பொன்னேரிப் பள்ளிக்கூடத்துக்குப் பதினொரு பிள்ளைகளை ஏற்றிப் போகிற வேன் அவருடையது. பக்கவாட்டில் சறுக்கித் திறக்கிற கதவின் உள்பக்கக் கைப்பிடி இல்லை. வெள்ளிக்கிழமை எஃப்சி, அதாவது வண்டித் தகுதிச் சான்றுக்கான சோதனை. உள்ளேயிருந்து கதவு திறக்காவிட்டால் எஃப்சி கிடையாது. எஃப்சி இல்லாவிட்டால் வேன் இல்லை. வேன் இல்லாவிட்டால் பதினொரு பிள்ளைகளுக்கு ஸ்கூல் இல்லை, பாய் வீட்டில் அடுப்பு இல்லை. உடைந்த துண்டைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார்.

"கெட்டியா செஞ்சுடறேன் பாய், பத்து வருஷம் வரும்" என்றேன். பாய் பதறிப்போனார். "கெட்டி இன்னாத்துக்கு சார்? பிரேக் இன்ஸ்பெக்டரு ஒரு தபா இழுத்துப் பாப்பாரு. அவ்ளோதான். அப்பால கயட்டி டப்பாவுல போட்டுக்குவேன். அடுத்த எஃப்சிக்கு ஆவும்." சிக்கனமான மனிதர் என்று நினைத்துக்கொண்டேன்.

அவர் போன பிறகு மல்லிகா அக்கா அந்தத் துண்டை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வெயில் தின்ற பிளாஸ்டிக் பிஸ்கட் மாதிரிப் பொட்டென்று போகும். கையால் வளைத்து ஒடித்தால் ஒடிந்த விளிம்பில் வெள்ளையாக ஒரு கோடு நிற்கும். இந்தத் துண்டில் கோடு இருந்தது. அக்கா அதை என் மேஜையில் வைத்துவிட்டுச் சொன்னார்: "இது ஒடஞ்சது இல்ல நைனா. ஒடச்சது."

நாக்கு போச்சு

எங்கள் தொழிலில் எந்தச் சாமானுக்கும் பெயர் கிடையாது. கம்பெனி வைத்த பெயர் எழுத்தும் எண்ணுமாக ரயில் டிக்கெட் மாதிரி நீளும். அதனால் வருகிறவர்கள் உடம்பைக் காட்டித்தான் கேட்பார்கள். டேஷ்போர்டுப் பெட்டியைப் பிடித்து வைத்திருப்பது நாக்கு. ஏசி காற்றைத் திருப்புகிற குமிழ் மூக்கு. பக்கவாட்டுக் கண்ணாடிக்கு உள்பக்கம் இருக்கிற முக்கோண மூடி காது. சீட்டைச் சாய்க்கிற சக்கரத்தில் இருப்பது பல். நானும் ஷார்ஜாவில் படித்த பெயர்களையெல்லாம் மறந்து இதற்குப் பழகிவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை டீக்கடையில் நிற்கிறேன், போன் வந்தது. கையில் டீ இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டேன். "சார், நாக்கு சுத்தமா போயிடிச்சி. மூக்கு ஆடிக்கினே கீது. ஒரு பல்லு இல்ல." நான் கேட்டேன், "வயசு இன்னா?" "பதினாறு சார்." "வெயில்ல நிக்குதா?" "பொறந்ததுலேந்து வெயில்லதான் சார்." "நாளைக்கு இட்டுகினு வாங்க, பாத்துடலாம்" என்று வைத்தேன். டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் கை அந்தரத்தில் நின்றுவிட்டது. "பதினாறு வயசுப் புள்ளய பெரியாஸ்பத்திரிக்கு இட்டுகினு போவச் சொல்லாம, உன்னாண்ட எதுக்கு சார் வரச் சொல்றே?"

செவி

நான் அஞ்சாவது வரைக்கும் தெலுங்கு மீடியம், அப்புறம் தமிழ். இன்றைக்கும் கணக்கு போட்டால் வாய்ப்பாடு மனசுக்குள் தெலுங்கில்தான் ஓடும். அதனால் ஆந்திர எல்லைக்கு அந்தப் பக்கத்திலிருந்து போன் வந்தால் எனக்குக் கொஞ்சம் கர்வம். தடாவிலிருந்து ஒருவர் கூப்பிட்டார். "அண்ணா, செவி விரிகிபோயிந்தி." செவி உடைந்துபோச்சாம். செவி என்றால் இரண்டு மொழியிலும் காதுதான், இதில் என்ன சந்தேகம்? எந்த மாடல் என்று மட்டும் கேட்டுக்கொண்டேன். எந்தப் பக்கம் என்று கேட்கவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று இடதும் வலதுமாக இரண்டு முக்கோண மூடிகள் செய்து, மெருகேற்றி வைத்தேன்.

புதன்கிழமை அவர் பஸ்ஸில் வந்து இறங்கினார். கார் எங்கே என்றேன். அதைத் திறக்க முடியாததால்தானே பஸ்ஸில் வந்தேன் என்றார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. தெலுங்கில் சாவிக்கு "தாளம் செவி" என்று பெயர். பூட்டின் காது. அவர் பேச்சு வேகத்தில் தாளத்தை விட்டுவிட்டார், நான் அவருடைய காருக்குக் காது குத்திவிட்டேன். சட்டைப்பையிலிருந்து தலை உடைந்த சாவியை எடுத்து, என்னுடைய இரண்டு மூடிகளுக்கு நடுவே வைத்து, எல்லைத் தமிழில் நிதானமாகச் சொன்னார்: "ரெண்டு காது செஞ்சி வெச்சிகீறே அண்ணா. நா சொன்னது ஒண்ணுலகூட உழலயே!"

ஒரு கைப்பிடி, நாலு ஜன்னல்

திருவள்ளூரில் ஒரு வக்கீல். அவருடைய காரில் ஜன்னலைச் சுற்றி இறக்குகிற கைப்பிடிகள் நாலில் மூன்று போய்விட்டன. மிச்சம் இருந்த ஒன்றைக் கழற்றி, யாருக்குக் காற்று வேண்டுமோ அவர் பக்கத்தில் செருகிச் சுற்றிக்கொள்வது அந்தக் குடும்பத்தின் வழக்கம். ஆறு வருஷமாக இப்படித்தான். கைப்பிடி இருக்கிற இடம் வக்கீலுடைய அம்மாவின் கைப்பை. வக்கீல் மழையில் டோல்கேட்டில் நின்றுகொண்டு, பின்சீட்டைப் பார்த்துக் கை நீட்டி, "கொஞ்சம் குடேன்" என்று கேட்பாராம். அம்மா ரெண்டு கேள்வி கேட்ட பிறகுதான் தருவாராம்.

"கோர்ட்டுல நான் கேள்வி கேக்கறேன் சார், கார்ல எனக்கு குறுக்கு விசாரணை. மூணும் செஞ்சுடுங்க" என்று வக்கீல் சொல்லிவிட்டுப் போனார். அன்று மாலையே அம்மா போன் செய்தார். வேண்டாமென்று சொல்வார் என்று நினைத்தேன். அப்படிச் சொல்லவில்லை. நல்ல மரியாதையான குரல். "தம்பி, மூணும் நல்லா செய்யுங்க. டிரைவர் பக்கத்துக்கு மட்டும் சேராத மாதிரி செய்ய முடியுமா?"

பலமான கிளிப்

இது என் தலைக்கனத்தின் கதை. கடை திறந்த புதிது. பொன்னேரியில் மருந்துக்கடை வைத்திருக்கிற ஒருவருக்குக் கதவின் உள் அட்டையைப் பிடித்துக்கொள்கிற கிளிப் வேண்டியிருந்தது. பழையதைப் பார்த்தேன். மெல்லிய கழுத்து, மோசமான சாமான். ஷார்ஜாவில் இப்படிச் செய்தால் திட்டுவார்கள். கழுத்தை இரண்டு பங்கு தடிப்பாக்கி, நைலானில் ஊற்றி, சுத்தியால் தட்டிக்கூடக் காட்டினேன். அவர் கும்பிடாத குறை.

அந்த மெல்லிய கழுத்து ஏன் மெல்லியது என்று நான் யோசிக்கவில்லை. கதவை அறைந்து சாத்தும்போது யாராவது ஒருவர் உடைந்தாக வேண்டும். சின்னது உடைந்தால் பெரியது தப்பும். அதற்காகவே பிறந்த கழுத்து அது. அதைத்தான் நான் பயில்வான் ஆக்கியிருந்தேன். ஒரு மாதம் கழித்து மருந்துக்கடைக்காரர் குறுக்காக விரிசல் விட்ட கதவு அட்டையைத் தூக்கிக்கொண்டு வந்தார். கோபமே இல்லை, முகமெல்லாம் சிரிப்பு. "சார், உன் கிளிப்பு சூப்பரு! மெய்யாலுமே சொல்றேன், அப்டியே கீது. கதவுதான் போச்சு."

சீட்டு நகரவில்லை

புதன்கிழமை மதியம் ஒரு நெல் வியாபாரி. ஓட்டுகிற சீட்டை முன்னே பின்னே நகர்த்துகிற நெம்புகோல் வேலை செய்யவில்லை என்றார். ஆள் நல்ல உயரம். முழங்கால் ஸ்டியரிங்கில் முட்டி, இரண்டு மாதமாகத் தவளை மாதிரி ஓட்டுகிறார். நெம்புகோலைக் கழற்றினேன், நன்றாகத்தான் இருந்தது. டார்ச் அடித்து சீட்டுக்குக் கீழே பார்த்தேன். தண்டவாளம் முழுக்க நெல். சாம்பிள் பார்க்கிற கைப்பிடி நெல்லை வருஷக்கணக்காக இடது பக்கம் வைத்துக்கொண்டே ஓட்டியிருக்கிறார்.

மல்லிகா அக்கா பழைய டூத்பிரஷ்ஷால் நோண்ட நோண்ட வந்துகொண்டே இருந்தது. இரண்டு கை நிறைய. போதாததற்கு ஏசி தண்ணீர் எங்கோ ஒழுகி, சீட்டுக்குப் பின்னால் மிதியடியில் பச்சையாக விரல் நீளத்துக்கு நாற்று. கார்க்காரர் குனிந்து பார்த்தார், ஒரு நாற்றைப் பிடுங்கி வேரைப் பார்த்தார், வியாபாரி புத்தி போகவில்லை. அக்காதான் முந்திக்கொண்டார்: "நல்லா வேர் புடிச்சிகீது அண்ணாத்தே. நாளைக்கு வந்து நட்டுடலாம், நடவு ஆளுக்கு நாஷ்டா மட்டும் வாங்கிக் குடு!"

வேனுக்குள்

வியாழக்கிழமை மதியம் பாய் வேனைக் கொண்டுவந்து ஷெட்டுக்கு வெளியே நிறுத்தினார். தொழுகைக்குப் போய்விட்டு வருகிறேன் என்றார். அக்கா சாப்பிட வெளியே போயிருந்தார். கைப்பிடி உட்காருகிற பள்ளத்தை அளக்க நான் உள்ளே ஏறினேன். வேன் சரிவில் நின்றிருந்தது. கதவு சறுக்கி வந்து தானாகச் சாத்திக்கொண்டது. உள்ளே கைப்பிடி இல்லை, அதைச் செய்யத்தானே வந்திருக்கிறேன். எதிர்ப்பக்கக் கதவை எப்போதோ நீள சீட் போட்டு அடைத்துவிட்டார்கள். டிரைவர் சீட்டுக்குத் தாண்டலாம் என்றால், பிள்ளைகள் முன்னால் வரக்கூடாது என்று கம்பித் தட்டி. ஜன்னலுக்கும் கம்பி. போன் மேஜைமேல்.

முதலில் சிரித்தேன். அப்புறம் கதவைத் தட்டினேன். அப்புறம் கத்தினேன். பக்கத்து ஷெட்டில் இரும்பு அறுக்கிறார்கள், எனக்கே என் குரல் கேட்கவில்லை. தகரம் காய்ந்து மூச்சே சூடாக இருந்தது. நாற்பத்தெட்டு வயது, உலகம் சுற்றியவன், பத்தாவது நிமிஷத்தில் கத்துவதை நிறுத்திவிட்டேன். கத்த வேண்டும் என்றே தோன்றவில்லை. ஒரு சீட்டின் முதுகில் யாரோ பால்பாயிண்டால் வரைந்திருந்த பூனையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

இருபதாவது நிமிஷம் தண்ணீர் கேன் போடுகிறவர் வந்தார். ஜன்னல் கம்பிக்குப் பின்னால் என் முகத்தைப் பார்த்தார். கேனைத் தோளிலிருந்து இறக்கி வைத்தார். வேனில் எழுதியிருந்த ஸ்கூல் பெயரை எழுத்துக் கூட்டிப் படித்தார். கதவில் கை வைப்பதற்கு முன்னால் கேட்டார்: "எந்த கிளாஸு சார்?"

பாய் சொன்னது

பாய் திரும்பி வந்தபோது நான் நிழலில் குந்தியபடி இரண்டாவது சொம்புத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தேன். நடந்ததைச் சொன்னேன். உடைந்த துண்டின் வெள்ளைக் கோட்டையும் காட்டினேன். பாய் மறைக்கவில்லை. தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"நான்தான் ஒடச்சேன் சார். போன எஃப்சி முடிஞ்ச மறுமாசம். பாலத்துமேல போய்க்கினு கீறேன், எல்கேஜி புள்ள ஒண்ணு கதவத் தொறந்துடிச்சி. வேன்ல வர்ற ஆயா அது சட்டயப் புடிச்சி இஸ்த்துடிச்சி. பை மட்டும் தண்ணியில உழுந்துச்சி. டிபன் டப்பா மெதந்து போனத நான் பாத்தேன் சார். அன்னிக்கி ஊட்டுக்குப் போயி கையாலயே ஒடச்சேன்." வேன் கதவைக் காட்டினார். "உள்ள மாட்டிக்கினா அழுவும். சத்தம் கேட்டுத் தொறக்கலாம். வெளிய உழுந்தா அழுவறதுக்குக்கூட இருக்காது."

"எனக்குப் பத்தாவது நிமிஷமே சத்தம் வரல பாய்" என்றேன். "ஆயாவும் நீங்களும் எழுந்திரிக்க முடியாத மாதிரி வண்டி எங்கயாவது மோதிட்டா, யார் தொறப்பாங்க?"

பாய் வேனைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மல்லிகா அக்கா சாப்பாட்டுப் பையோடு வந்து சேர்ந்தார். பாய் கேட்டார்: "அப்ப நீயே சொல்லு சார். ரெண்டு பயத்துல எந்தப் பயத்த நான் வெச்சிக்கறது?"

கடைசியாக

உடைந்த சாமானைச் செய்து கொடுப்பது சுலபம், அது ஏன் உடைந்தது என்று கேட்காமல் இருப்பதுதான் இந்தத் தொழிலில் கஷ்டம்.

பிளாஸ்டிக் கொக்கிக்குப் பின்பக்கம் ஒரு சரிவு வைப்போம். அது இருந்தால் மாட்டியதை அழுத்திக் கழற்றலாம். சரிவில்லாமல் நேராக வெட்டிவிட்டால் உள்ளே போனது போனதுதான், திரும்பி வராது. அன்று சாயங்காலம் எல்கேஜிப் பிள்ளையின் இழுப்புக்கு அசையாத, நாலாவது படிக்கிற பிள்ளை இரண்டு கையால் இழுத்தால் அசைகிற ஸ்பிரிங்கைத் தேடி எடுத்து, கொக்கியின் பின்பக்கத்தை நேராக வெட்டி, கைப்பிடியைப் பாயின் வேனில் மாட்டினேன். எஃப்சி முடிந்ததும் கழற்றி டப்பாவில் போட முடியாது என்பதை மாட்டிய பிறகு சொன்னேன்.